கோடு கீறாத புத்தகங்கள்

சுன்னாகத்தில் ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவரின் மடியில் தடித்த மருத்துவப் புத்தகங்கள் நிறைந்த பை.

“ஒரு கோடும் கீறேல்லை அக்கா. பின்னாலை வாற பிள்ளையளுக்கு உதவும் எண்டு மகள் கவனமாய் வைச்சிருந்தவள். பழைய பதிப்பு, வேண்டாம் எண்டிட்டான் கடைக்காரன்.”

“என்ரை மகளுக்கு இந்தமுறை மெடிசின் கிடைச்சிருக்கு. புதுசு வாங்க வழியில்லை. நான் கொண்டுபோகட்டே?”

“ஓம், சும்மா கொண்டுபோங்கோ.”

“உங்கடை பிள்ளை படிச்சு முடிச்சிட்டாவோ?”

“மூண்டாம் வருசத்திலை டெங்கு வந்து செத்துப்போனாள்.”

பையைப் பிடித்திருந்த தன் கையை மூத்தவர் மெல்ல எடுத்தார்.

“குறை நினையாதேங்கோ தங்கச்சி. என்ரை பிள்ளை இப்பதான் தொடங்கப்போறாள்.”

“காய்ச்சல் புத்தகத்திலை இல்லை அக்கா.”

செத்தவீட்டிலிருந்து எழும்பிப் போவதுபோல, ‘வாறன்’ என்று சொல்லாமலே மூத்தவர் கோப்பாயில் இறங்கினார்.