களைத்துப்போன பெட்டியும் களைக்காத பிள்ளைகளும்

ஆகவேதான் கேட்கிறேன்: எங்கள் கொட்டாஞ்சேனைப் பெண்பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராதென்று இனி எந்த நாக்குச் சொல்லும்? பொறுங்கோ, பொறுங்கோ! பெருமையில் வணக்கம் சொல்லவே மறந்துவிட்டேன்.

இந்தப் பரிசளிப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் கனகசபாபதி ஐயா அவர்களே, நரையும் நல்லறிவும் சுமந்து வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு ஆசையோடு ஓடிவந்த தாய்மார்களே, முன்வரிசையில் முணுமுணுக்கும் முத்துக்களே! எல்லாம்வல்ல சிவபெருமானைக் கும்பிட்டு, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இங்கிலீஷ் டீச்சர் பத்மாவதி என் தங்கையின் மகள். கலியாணமாகாத குமர்ப்பிள்ளை தனியே ரயிலேறக் கூடாதென்று வெள்ளவத்தையிலிருந்து நாள்தோறும் துணைக்கு வருகிறேன். வந்த இடத்தில் சும்மா இருப்பேனா? என்ன அங்கே சிரிப்பு? வாயை இல்லை பிள்ளையள், கையைச் சொல்லுறன்!

சென்ற தவணை இங்கே ஒரு கிராமபோன் பெட்டி வந்தது. தட்டுச் சுழல, வெள்ளைக்காரர் ஒருவரின் குரல் பாடம் சொல்லும். பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். புத்தகத்தைக் கண்டு கொட்டாவி விட்டவர்கள், பெட்டியைக் கண்டதும் மணியடிக்க முன்பே வந்து குந்தினார்கள்!

ஆனால் லுத்பியாவின் வாப்பா மீரா சாஹிப் வாசலில் வந்து நின்றார். “டீச்சர், இது பாட்டுப் பொட்டி. எங்கட புள்ளைக்கு வாணாம்.”

“பாட்டில்லை ஐயா, பாடம்,” என்றாள் பத்மாவதி.

“அப்ப இன்ஸ்பெக்டர் வரட்டும். அவர் நல்லமெண்டு சொல்லாட்டி, அடுத்த நாளே புள்ளய நிப்பாட்டுவேன்.”

இன்ஸ்பெக்டர் துரை வந்தார். மீரா சாஹிப்பும் வந்து ஜன்னலோரம் நின்றார். முப்பது பிள்ளைகள் எழுந்து முத்துமுத்தாகச் சொன்னார்கள். கப்பல் துறைமுகத்துக்குள் வருகிறது என்பது கடைசி வரி; இங்கிலீஷில் “ஹார்பர்” என்று முடியும். அங்கே வந்ததும் முப்பது தொண்டையும் தளர்ந்து, தடித்து, இழுத்து, கொச்சிக்கடைக் கப்பலே வகுப்புக்குள் வந்து ஊதியதுபோல “ஹா… ஆ… ஆர்… பர்” என்று அடங்கின!

யார் பிழை? சபையறியச் சொல்கிறேன், என் பிழை! பத்மாவதி அடுத்த வகுப்பையும் பார்க்க வேண்டியவள். பெட்டியை என்னிடம் விட்டுப் போவாள். கைப்பிடியைச் சுற்றுவது என் தொண்டு. சுற்றுக்கு ஒரு “சிவசிவா”. என் உருத்திராக்க மாலையில் இருபத்தேழு மணி. இருபத்தேழு சுற்றோடு நிறுத்திவிடுவேன். பெட்டிக்கோ நாற்பது வேண்டுமாம்! கடைசி வரியில் அது களைத்து இழுத்ததை, இங்கிலீஷை முடிக்கிற முறை அதுதானென்று பிள்ளைகள் பக்தியோடு படித்துவிட்டார்கள்.

“வட் இஸ் திஸ்?” என்றார் துரை. பத்மாவதி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்!

அப்போது எழுந்தாள் லுத்பியா. “சேர், தி மெஷின் கெட்ஸ் டயர்ட்!” என்றாள். மேலும் சொன்னாள், தடையில்லாமல், நடுக்கமில்லாமல். பெட்டி களைத்துப்போகிறது சேர், அதன் களைப்பையும் சேர்த்துப் பாடமாக்கிவிட்டோம் என்றாளாம். பத்மாவதி பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்.

அந்தப் பதில் எந்தத் தட்டில் இருந்தது? எந்தப் புத்தகத்தில் இருந்தது? எந்த வெள்ளைக்காரர் சொல்லிக்கொடுத்தார்? பெட்டி கொடுத்தது குரல், பேச்சு அவளுடையது! பெட்டி கொடுத்தது பழக்கம், துணிவு அவளுடையது! துரை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இந்த வகுப்பு இன்னும் பெருக வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டார். கைதட்டுங்கோ, நல்லாத் தட்டுங்கோ!

பொறுமையோடு கேட்ட எல்லோருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்.

ஐயோ, தலைவர் ஐயா, மணியை அடிக்காதேங்கோ! இப்பத்தான் ஞாபகம் வருது. இண்டைக்குக் காலமை மீரா சாஹிப் இளைய மகள் ஹமீமாவையும் இந்த வகுப்பில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு வந்தவர். டீச்சர் அடுத்த வகுப்பில் நின்றபடியால் வரவு இடாப்பில் பேரை எழுதினது நான்தான். பத்மாவதி, உனக்கு இன்னும் சொல்லேல்லைப் பிள்ளை.