தபால் மன்றத்தைக் கலைக்குமுன் ஒரு கேள்வி

இறுதிக் கூட்டத்துக்கும் இன்முகம் மாறாமல் தலைமை ஏற்றிருக்கும் சோதிலிங்கம் அண்ணர் அவர்களே! மண்டபம் தந்துதவிய பங்குத்தந்தை அவர்களே! கால்சாப் பகுதியிலிருந்து கால்நோவோடு நடந்து வந்திருக்கும் பெரியோர்களே! வேலை வீட்டுச் சிஞ்ஞோராமாரிடம் கெஞ்சி வாங்கிய அரைநாள் விடுமுறையை எங்களுக்குத் தந்த தாய்மார்களே! சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழ மணம் மாறாத கைகளோடு அமர்ந்திருக்கும் தம்பி தங்கையரே! மன்றச் செயலாளன் டெனிஸ்டன், கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? பலெர்மோத் தமிழர் பொதுத் தபால் மன்றத்தைச் சட்டப்படி கலைப்பதற்காக. வேலை வீட்டிலேயே படுத்தெழும்பிய எங்கள் சனத்துக்கு இந்த ஊரில் வாசல் இருந்ததா? வாசலில் பெயர் இருந்ததா? பெயரில்லாத வாசலில் தபால்காரன் நிற்பானா? அன்று எங்கள் பெயர்களையெல்லாம் தன் கதவில் ஒட்டிக்கொண்டது இந்த மன்றம். மன்னாரில் பிறந்த பிள்ளையின் படமும் இங்கேதான் வந்தது. யாழ்ப்பாணத்தில் இறந்த தகப்பனின் சேதியும் இங்கேதான் வந்தது. மாதாவைக் கும்பிட்டவருக்கும் முருகனைக் கும்பிட்டவருக்கும் ஒரே அலுமாரி, ஒரே திறப்பு. இன்று ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு கைபேசி. மன்றத்துக்கு வர ஆளில்லை. கலைப்பது சரிதான்.

கலைக்குமுன் உடைமைகளைக் கையளிக்க வேண்டும் என்கிறது சட்டம். கையளித்தோம். அலுமாரி முருகன் கோவிலுக்குப் போயிற்று. மேசை பங்குத்தந்தையிடம் போயிற்று. கதிரைகளுக்கு நடந்த இழுபறி உங்களுக்கே தெரியும். சிரிக்காதீர்கள் ஏர்னஸ்ற் அண்ணை, இழுத்தவர்களில் நீங்களும் ஒருவர். "ஓம், கால் உடைஞ்சதுதான் எனக்குக் கிடைச்சது" என்கிறார். கால் உடைந்த கதிரைக்கும் ஒரு வீடு கிடைத்தது, சபையோரே. செலஸ்ரீனா அக்காவின் பெயருக்குக் கிடைக்கவில்லை.

கதவிலிருந்த மற்றப் பெயர்கள் எல்லாம் இடம் மாறிவிட்டன. என் பெயரும் சித்தி வீட்டு வாசலுக்குப் போய்விட்டது; அதற்குமேல் ஒரு பெயரை அந்த வீட்டுக்காரன் விடமாட்டான். மிஞ்சியது அவர் பெயர். லிபெர்த்தா வீதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கிறார். அந்த வீட்டார் வாசல் மணியில் அவர் பெயரை எழுத விடமாட்டார்கள். தங்குவதற்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறார். அதற்கான கடிதம் மன்ற முகவரிக்குத்தான் வரும். கதவில் பெயரில்லை என்று அது திரும்பிப் போனால், இந்த நாட்டில் அவர் இருக்கும் உரிமையும் அதோடு போகலாம்.

எத்தனை பேரிடம் கேட்டேன்! "வீட்டுக்காரன் ஏசுவான்" என்றார்கள். "ஆள் கூடினா குப்பை வரியும் கூடும்" என்றார்கள். "பிறகு பாப்பம்" என்றார்கள். பார்ப்போம் பார்ப்போம் என்றே பங்குனியும் வந்துவிட்டது.

போன கூட்டத்தில், கலைக்கச் சம்மதமா என்று தலைவர் கேட்டபோது முதலில் கை உயர்த்தியவர் யார்? இதே செலஸ்ரீனா அக்கா. ஏனக்கா என்று பிறகு கேட்டேன். "எனக்காண்டி எல்லாரையும் மறிச்சு வச்சிருக்கேலுமே தம்பி? நான் கை தூக்காட்டி மற்றாக்களுக்குக் கூச்சமா இருக்கும்" என்றார். எங்களுக்குக் கூச்சம் வரக்கூடாதென்று தன் கதவைத் தானே சாத்திய தாய் அவர். அதைக் கேட்டு நான் தெருவில் நின்று அழுதேன்.

அலுமாரியைக் கையளித்த நாங்கள் அக்காவைக் கைவிடலாமா? பொருளுக்குப் போட்டி போட்ட நாங்கள் பெயருக்குப் பின்வாங்கலாமா? தலைவர் அவர்களே, கலைக்கும் தீர்மானத்துக்கு நீங்கள் கை கேட்குமுன் நான் ஒரு கை கேட்கிறேன். செலஸ்ரீனா என்ற பெயரைத் தன் வாசலில் எழுதிக்கொள்ள யார் சம்மதம்?

பின்வரிசையில் ஒரு கை உயர்கிறது. அது செலஸ்ரீனா அக்கா. "விடுங்கோ தம்பி, அவையைக் கரைச்சல் படுத்தாதேங்கோ" என்கிறார். கையை இறக்குங்கள் அக்கா. இன்று உயர வேண்டியது உங்கள் கை அல்ல.

பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம். உங்களில் ஒருவர் கை உயர்த்தும்வரை நான் இருக்கையில் அமரப்போவதில்லை.