டோல்கோர் அனுப்பிய தயிர்க்கட்டி

காய்ந்த தயிர்க்கட்டியை மாவாக்குவது லேசான வேலை இல்லை, மேடம். ஆரூல் என்று நாம் சொல்கிறோமே, வெயிலில் கல்லாகிவிட்டால் பல்லையே காவு கேட்கும். துணியில் சுற்றிச் சுத்தியலால் தட்டி, பிறகு காப்பிக்கொட்டை அரைக்கும் மிஷினில் போடவேண்டும். பொறுமை வேண்டும். முப்பது வருடமாகச் சர்க்கஸ் வித்தைக்காகப் பிள்ளைகளின் முதுகை வளைக்கிறவளுக்கு அது இல்லாமல் போகுமா?

அனுஜினை உலான்பாத்தருக்குக் கூட்டிவந்தது அவள் அம்மா டோல்கோர். அர்ஹாங்கை மாகாணத்து மேய்ச்சல்காரி. அந்தச் சின்னப்பெண்ணின் கட்டைவிரலைப் பிடித்து மடக்கினேன். முன்கைமேல் போய்ச் சாதுவாகப் படுத்துக்கொண்டது. முழங்கையும் முழங்காலும் பின்பக்கமாக வளைந்தன.

"பெத்தப்ப எலும்பு போட மறந்துட்டேன் போல, டீச்சர். ஆட்டுத்தோல் மாதிரி மடிச்சுப் பெட்டியில வச்சுக்கோங்க" என்று டோல்கோர் சிரித்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி ஓர் உடம்பு ஆயுளில் ஒருமுறைதான் கைக்கு வரும். அன்றிலிருந்து என் வீட்டில்தான் வளர்ந்தாள். பிள்ளை பெறாத எனக்கு அவள் மகள். தப்பித்துக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை.

வளர்ந்தபின் தோள் அடிக்கடி நழுவியது. இரவில் வலியில் முனகுவாள். எலும்பு டாக்டரிடம் அழைத்துப் போனதும் நான்தான். அவரும் முதலில் அவள் கட்டைவிரலைத்தான் மடக்கிப் பார்த்தார். பிறகு முழங்கை, முழங்கால். நான் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள வைக்கும் அதே சோதனை. நான் எதைப் பார்த்து ஆனந்தப்பட்டேனோ அதையே பார்த்து அவர் முகம் வாடியது.

அவளை எக்ஸ்ரே அறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் சொன்னார்: "பிறவியிலேயே மூட்டு தளர்வும்மா. நீங்க திறமைங்கறீங்க, நாங்க வியாதிங்கறோம். குளிர்காலம் முடியற வரைக்கும் கழுத்தையும் முதுகையும் வளைக்கவே கூடாது. தசைக்குப் பலம் வர்ற மாதிரி லேசான பயிற்சி போதும். ரத்தத்துல வைட்டமின் டி ரொம்பக் கம்மி. அதுக்கும் மக்னீசியத்துக்கும் மாத்திரை தரேன். ஆனா மாத்திரை ஒரு துணைதான், ஓய்வுதான் மருந்து."

"சாப்பிட்டா மூட்டு இறுகுமா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் இறுகினா நல்லதுதானே" என்றார்.

நல்ல மனிதர். ஆனால் அந்தச் சொல் எனக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. இளம்வயதில் என் மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டோடு சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். கட்டைப் பிரித்தபோது நான் மரக்கட்டை. கூட ஆடியவர்கள் வெளிநாட்டு மேடைகளுக்குப் போனார்கள், நான் டீச்சரானேன். மாத்திரையால் இல்லை, மாதக்கணக்கில் பயிற்சி விட்டுப்போனதால்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் யாரும் என் முதுகுக்குள் இருந்து பார்த்ததில்லை.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகை முடிந்ததும், குளிர் விடுவதற்கு முன்பே, வெளிநாட்டு சர்க்கஸ்காரர்கள் ஆள் எடுக்க வருவதாக இருந்தது. அனுஜின் பல்நிலை செய்து காட்டவேண்டும். கம்பத்தின் முனையில் இருக்கும் கட்டையைப் பல்லால் கவ்வி, உடம்பு மொத்தத்தையும் அதன்மேல் தூக்கி, முதுகை மடித்துக் கால்களை முகத்துக்கு முன்னால் கொண்டுவருவது. கழுத்துதான் எல்லாவற்றையும் தாங்கும்.

எனவே மாத்திரைக் கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, உள்ளே இருந்த தூளைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். வெறுங்கூட்டைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது? ஏமாற்று வேலை எனக்குப் பிடிக்காது. டோல்கோர் அனுப்பிய ஆரூல் ஒரு பை நிறைய இருந்தது. பெற்றவள் கை பட்டது. அதை அரைத்துக் கூடுகளில் அடைத்தேன். அதைவிடச் சத்து வேறு எதில் இருக்கிறது?

"இதைப் போட்டுக்கிட்டா பயப்பட ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருடி" என்றேன். ஓய்வைப் பற்றி நான் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் அவளே வந்து சொன்னாள்: "மாத்திரை வேலை செய்யுது டீச்சர். வலி கொறஞ்சிடுச்சு, பாருங்க." என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அன்று அடுப்படியில் நின்று அழுதேன், மேடம். ஏன் அழுதேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அந்தக் காலையில் உப்புத் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னாள்: "கழுத்துல கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்கு பல்நிலை வேணாமே டீச்சர்?"

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அப்புறம் என்னடி பயம்?"

"அதானே" என்று சிரித்தாள். கட்டையைத் துடைத்தாள். ஏறினாள். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஆற்றுப் பனிக்கட்டியில் காலை வைத்தால் கேட்குமே, அவ்வளவுதான்.

கழுத்துக்குக் கீழே இனி ஒன்றும் அசையாது என்றார்கள். ஆஸ்பத்திரியிலும் அவள் அந்த மாத்திரையைத்தான் கேட்டாள். அது எழுப்பிவிடும் என்று நம்பினாள். விழுங்கச் சிரமப்பட்டதால் டோல்கோர் ஒன்றைப் பிரித்து வெதுவெதுப்பான பாலில் கொட்டினாள். கை நின்றது. மோந்து பார்த்தாள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"டீச்சர், இது என் ஆரூல். எங்க யாக் பசுவோட பாலு. இந்தப் புகைவாசம் எங்க சாணி அடுப்போடது. மருந்துக்குள்ள எப்படி வந்துச்சு?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த மாத்திரையால் மட்டும் இதைத் தடுத்திருக்க முடியாது என்று டாக்டரே உங்கள் விசாரணையில் சொல்லியிருக்கிறார். கேட்டு ஆறுதலாக இருந்தது. "ஆனா அதை நம்பித்தானே ஏறினா?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

விழுந்த பிறகாவது நிஜ மருந்தைக் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். புது டப்பா வாங்கினேன். அதையும் கழற்றிக் கொட்டிவிட்டு ஆரூல்தான் அடைத்தேன். ஆமாம், என் கையால்தான். எழுதிக்கொள்ளுங்கள். தினமும் அவள் விரல்களை நீவிவிடுவேன். கட்டைவிரல் இன்னும் முன்கையைத் தொடுகிறது, மேடம். அவள் எழுந்து வரும்போது உடம்பு இறுகிப் போயிருந்தால் என்ன செய்வது?

வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள். இப்போது எங்கேயும் வலிக்கவில்லை என்றுதான் சொல்வாள்.