புதன்கிழமைக் கையெழுத்து

போதும்மா, போதும். சரி, இன்னொரு துண்டு வைங்க, சின்னதா. அலபாமாவுல ஒரு வீட்டுக்குள்ள வந்துட்டு, பீச் பழம் வச்சுச் சுட்ட பலகாரத்தை வேண்டாம்னு சொல்ற கோச்சுக்கு யார் பையனைக் கொடுப்பாங்க? எங்க காலேஜ் ஃபுட்பால் வேலையில பந்தெல்லாம் அப்புறம்தான், வீடு வீடாப் போய் பசங்களைச் சேக்கிறதுதான் முதல்ல. ஒரு தடவை ஒரே சாயங்காலத்துல மூணு வீடு. மூணு வீட்டுலயும் பொரிச்ச கோழி. மூணாவது வீட்டுல மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அந்தப் பையன் அடுத்த நாள் வேற காலேஜுக்குப் போயிட்டான்.

போன வாரம் வந்த அந்த வேற காலேஜ் கோச்சா? பாத்திரம் கழுவிக் கொடுத்தாரா? அவர் எங்க போனாலும் கழுவுவாரும்மா. அவர் மனைவிதான் இன்னும் அதைப் பாத்ததில்லையாம்.

இல்ல, உங்க பையன் ரோஸ்கோ வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். அவன் நாலு மணிக்குத்தான் வருவான்னு தெரிஞ்சுதான் மூணுக்கே வந்தேன். நீங்களும் கோழி ஃபேக்டரியில அரை நாள் லீவு போட்டுட்டு உக்காந்திருக்கீங்க. காலேஜ்ல சேர்ற பேப்பர்ல பதினேழு வயசுப் பையன் கையெழுத்து மட்டும் செல்லாதும்மா. கீழ உங்களோடதும் வேணும். புதன்கிழமைதான் நாடு பூரா கையெழுத்து நாள், காலைல ஏழு மணிக்கு ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து ஃபேக்ஸ்ல அனுப்புவாங்க. எங்க ஆபீஸ்ல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் அந்த மிஷினைச் சுத்தி நிப்போம். பேப்பர் பாதி வந்து சிக்குச்சுன்னா ரெண்டு பேருக்கு நெஞ்சு வலிக்கும்.

எத்தனை வருஷமாவா? முப்பத்தொண்ணு. ஒம்பது காலேஜ். மூணு இடத்துல துரத்தினாங்க, அஞ்சு இடத்துல நானே ஓடிட்டேன். முதல்ல துரத்தினப்ப, தோத்துட்டு பஸ்ல திரும்பி வந்துட்டிருக்கோம். டிரைவர் ரேடியோவைப் போட்டான். என்னை வேலையை விட்டு எடுத்தாச்சுன்னு நியூஸ். பின்னாடி அம்பது பசங்க. டிரைவர் மெதுவா ஸ்டேஷனை மாத்தினான். மாட்டுத் தீவன விளம்பரம் வந்துச்சு. ஊர் வர வரைக்கும் அதைத்தான் கேட்டோம்.

லூயெல்லாவா, என் மனைவியா? நல்லா இருக்கா. ஜன்னலுக்குத் திரை தைக்கிறதை விட்டுட்டா. ஊருக்கு ஊர் ஜன்னல் அளவு மாறுது, என்ன பண்ணுவா. இப்பல்லாம் பெட்ஷீட்டை ஆணி அடிச்சுத் தொங்க விடறா.

ஞாபகம் இருக்கும்மா, நல்லாவே இருக்கு. செப்டம்பர்ல இதே நாற்காலியில உக்காந்து சொன்னேன். பையனை என்கிட்ட விடுங்க, நாலு வருஷமும் நான் அங்க இருப்பேன், என் பிள்ளை மாதிரி பாத்துப்பேன்னு. நீங்க கண்ணைத் துடைச்சீங்க. அது நான் எல்லா வீட்டுலயும் சொல்றதுதான். நாலு வருஷம்னு சொல்றதுக்கு முன்னாடி கண்ணாடியைக் கழட்டுவேன். அது என்னமோ, கழட்டிட்டுச் சொன்னா நல்லா எடுபடும்.

சிரிக்காதீங்க. இல்ல, சிரிங்க, பரவாயில்ல.

வில்லாடீன்னு ஒரு அம்மா. ஜார்ஜியாவுல. அவங்க பையன் டாயில், காலேஜைப் பாத்துப் போடல, நான் அங்க இருக்கேன்னு பாத்துதான் கையெழுத்துப் போட்டான். எல்லாப் பசங்களும் பண்ற தப்பு அது. கையெழுத்து காலேஜுக்கு, மனசு கோச்சுக்கு. அடுத்த மாசமே எனக்கு இன்னும் பெரிய காலேஜ்ல இருந்து ஃபோன் வந்துச்சு. போயிட்டேன். புதுசா வந்த கோச்சுக்கு டாயில் ஆடற விதம் பிடிக்கல. வேற காலேஜுக்கு மாறினா, விதிப்படி ஒரு வருஷம் ஆடாம சும்மா உக்காரணும். அவன் உக்காரல, வீட்டுக்குப் போயிட்டான். ஆறு வருஷம் கழிச்சு பெட்ரோல் பங்க்குல அந்த அம்மாவைப் பாத்தேன். திட்டுவாங்கன்னு நெனச்சேன். சாப்பிட்டீங்களா கோச்னு கேட்டாங்க. அவ்வளவுதான்.

ஏன் இதெல்லாம் சொல்றேன்னா, வியாழக்கிழமை காலைல பத்து மணிக்கு நான் டெக்சாஸ்ல வேற காலேஜுக்கு கோச்சா இருப்பேன். போட்டோ எடுப்பாங்க, தலையில வேற கலர் தொப்பி. புதன்கிழமை பேப்பர் எல்லாம் வந்து சேர்ற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு எங்க காலேஜ்ல சொல்லிட்டாங்க. வந்து சேர்ந்துட்டா பசங்களால அசைய முடியாது இல்ல, அதுக்குத்தான். ரோஸ்கோ கையெழுத்துப் போடுவான்னு உறுதி வாங்கிட்டு, பேப்பரைக் கொடுத்துட்டு வரணும்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. அதோ, கார்ல வச்சிருக்கேன் பேப்பரை. எடுக்கல. எடுக்கவும் போறதில்ல.

நீங்க போட வேண்டாம்மா. புதன்கிழமை ஃபேக்ஸ் ரிப்பேர்னு சொல்லுங்க, பேனா காணோம்னு சொல்லுங்க. கையெழுத்துப் போட இன்னும் ரெண்டு மாசம் டைம் இருக்கு. பாத்திரம் கழுவினாரே, அவர்கூட மோசமில்ல. பதினஞ்சு வருஷமா அதே ஊர்ல இருக்கார்.

நான் சொன்னேன்னு வெளிய சொல்லாதீங்க. சொன்னாலும் சரி.

டெக்சாஸுக்கா, ரோஸ்கோவையா? கேப்பீங்கன்னு தெரியும். முடியாதும்மா. ரோஸ்கோ மாதிரி பந்தை எறியிற ஆளு ஒரு டீமுக்கு ஒருத்தன்தான். அங்க அந்த இடத்துக்குப் பையன் பாத்தாச்சு. போன வெள்ளிக்கிழமைதான் அந்தப் பையனோட அம்மாவைப் பாத்து, நாலு வருஷம்னு பேசிட்டு வந்தேன். மீன் வறுத்திருந்தாங்க. ரொம்ப நல்லவங்க.