போர்வையில் நாற்பத்தொரு கட்டம்

– தொடலாமாப்பா? கையில எண்ணெய் இருக்குது.

– தாராளமா தொடுங்க ஆன்ட்டி. மத்த துணின்னா கிளவுஸ் குடுப்பேன். திருப்பதியில என் வீட்ல ஜப்பான், பெரு, உஸ்பெகிஸ்தான்னு முந்நூறு பழைய துணி கிடக்குது. இது ஒண்ணுதான் நீங்க தெச்சது.

– நான் மட்டுமா? சித்தூரு மிஷன் போர்டிங்ல இருந்த பொண்ணுங்க அத்தினி பேரும். மிஸ்ஸியம்மா அமெரிக்காவுக்கே திரும்பிப் போறாங்கன்னு அழுதுக்கினே தெச்சோம். ஆளுக்கொரு கட்டம், அதுல அவங்கவங்க பேரு. தோ, என் பேரு, ஜெயகுமாரி! எம்மாம் கோணலா கீது பாரேன். இத்த எங்கப்பா புடிச்ச?

– அமெரிக்காவுல ஒரு வீட்டைக் காலி பண்ணி ஏலம் விட்டாங்க. ஆன்ட்டி, நாப்பது பேரு இருக்குது, நடுக் கட்டம் மட்டும் காலி. லென்ஸ் வச்சுப் பாத்தா ஊசி ஓட்டை தெரியுது.

– பழைய துணி. நூலு இத்துப் போயிருக்கும்.

– இத்துப் போனா துணுக்காவது மிஞ்சும். இதை ஒவ்வொரு தையலா பிரிச்சிருக்காங்க.

– நீ துணி சேக்கறவனா, போலீசா?

– யாரு பேருன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.

– எலிசா. முத்து முத்தா தெப்பா. தையல் டீச்சர் கட்டத்தையெல்லாம் சேத்தப்போ கூட இருந்தது நான் மட்டும்தான்; அவ கட்டத்தைத்தான் நடுவுல வச்சாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. பார்சல் கட்டற அன்னிக்கு, எல்லாரும் ஜெபத்துக்குப் போனப்போ, நான்தான்பா பிரிச்சேன். பதினாலு வயசு. பாவி நான்.

– அதனால என்னாச்சு?

– மிஸ்ஸியம்மா அங்க போயி, போர்வையில இருக்கற பேரைப் பாத்து ஒவ்வொருத்தியையா படிக்க வச்சாங்க. நான் நர்ஸ் ஆனேன். எலிசாவுக்கு ஒரு கடுதாசிகூட வரல. தையல் டீச்சரும் மாத்தலாயிப் போய்ட்டாங்க, சொல்றதுக்கு ஆளில்ல. "நான் தெச்சேன், சத்தியமா தெச்சேன்"னு அழுதா. சோம்பேறி, பொய் சொல்றான்னு எல்லாரும் சிரிச்சாங்க. நானும் கூடச் சேந்து சிரிச்சேன். மாங்கா ஜூஸ் ஃபேக்டரிக்குத் தோலு சீவப் போய்ட்டா.

– அப்புறம் நீங்க அவங்களைப் பாக்கவே இல்லியா?

– எந்த மூஞ்சிய வச்சிக்கினு போய் பாப்பேன்? நீ ஊரெல்லாம் தேடறவனாச்சே, அவ எங்கனா இருந்தா என்னை இட்டுக்கினு போப்பா. கால்ல விழறேன். ஊசி குடு, அவ பேரை நானே திரும்பத் தெச்சித் தர்றேன்.

– போன மாசியில தவறிட்டாங்க ஆன்ட்டி. போர்வை வந்து எட்டு நாள்தான் ஆவுது. "என் பேரை நான் தெச்சேன்டா ஆசிரு"ன்னு எங்கம்மா சொல்றப்போல்லாம், நானும்தான் சிரிச்சேன்.