மூணு முனைத் தண்டு

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவள் சொன்ன ஒரு பேச்சுதான் என் காதை இழுத்தது.

"தோட்டத்துத் துரையவே தண்டை உருட்டிப் பாக்கச் சொன்னேன்."

"ஐயோ அக்கா! எதுக்கு?"

"புது வாய்க்கா ஓரமெல்லாம் ஒரே ஈரம்லா. அங்க முளைச்சதுக்குப் புல்லு மருந்து ரெண்டு தடவை அடிச்சும் சாகல. பொம்பளைங்க ஒழுங்கா அடிக்கலன்னு கங்காணி எங்க வேலைக் கும்பலையே கலைக்கிறேன்னுட்டார்."

"பொறகு?"

"ஒண்ணைப் புடுங்கிக்கிட்டு நேரா துரைகிட்ட போனேன். புல்லுன்னா தண்டு உருண்டையா இருக்கும், நடுவுல கணு இருக்கும். இதுல கணுவே இல்ல, விரல்ல உருட்டினா மூணு முனை தட்டுப்படும். இது புல்லு இல்லைங்கய்யா, கோரைன்னேன்."

"நம்பினாரா?"

"உருட்டிப் பாத்தார். ஆபீஸ்ல இருந்து தடிப் புஸ்தகத்தைக் கொண்டாரச் சொல்லி, படத்தோட வச்சுப் பாத்தார். கோரை புல்லு மருந்துக்குச் சாகாது, மருந்துதான் தப்பு, அடிச்சவங்க மேல தப்பில்லன்னு கங்காணி முன்னாடியே சொன்னார். கும்பலைக் கலைக்கல லா."

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"புஸ்தகத்துல என்ன பேரு போட்டிருந்துச்சு?"

"ரெண்டு மொழ நீளத்துக்கு ஏதோ பேரு. துரைக்கே வாயில நுழையல." மூத்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, 'கோரை'ன்னே நோட்டுல எழுதிக்கிட்டார்."