லீமா வச்ச சூடு

ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், கொஞ்சம் காது குடுங்க. ஓரத்துல போன் பாக்குற தம்பி... நீங்களும்தான்.

லீமான்னு ஒரு பொண்ணு. ஒரே பையன், ஜோவின், ஆறு வயசு. விளையாடப் போனவன் குளத்துல விழுந்துட்டான். தூக்கும்போது மூச்சும் இல்லை, நெஞ்சுத் துடிப்பும் இல்லை. ஆஸ்பத்திரியில நெஞ்சை அமுக்கி அமுக்கி இதயத்தை ஓட வச்சுட்டாங்க. ஆனா கண்ணு திறக்கலை.

டாக்டரம்மா விளக்கமாத்தான் சொன்னாங்க. இதயம் நின்னப்போ மூளைக்கு ரத்தம் போகலை, இனி உடம்பு சூடேறினா மூளை இன்னும் கெட்டுப்போகலாம், அதனால குளிர்ந்த தண்ணி ஓடுற மெத்தையில படுக்க வச்சிருக்கோம்னாங்க. லீமா தலையாட்டினா. உள்ளே போய்ப் பிள்ளை காலைத் தொட்டா... ஐஸ். பெத்தவளுக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

வெளியே வந்தா, வராந்தால நம்ம ஆளுங்க நிக்காங்க. கையில ஆரஞ்சுப் பழம், ரொட்டிப் பாக்கெட்டு. ஒருத்தி சொல்றா, "கால் சில்லிட்டா உசுரு இறங்குதுன்னுல்லா அர்த்தம்? சூடு காட்டு பிள்ளே." ஒரு அண்ணாச்சி, டாக்டருங்க பிள்ளைய வச்சுப் பரீட்சை பண்றாங்கன்னார். எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டாங்க.

லீமா என்ன செஞ்சா? பார்வை நேரத்துக்கு, சேலைக்குள்ள சுடுதண்ணி பாட்டிலை மறைச்சுக் கொண்டு போனா. போர்வைக்குள்ள கால்கிட்ட வச்சா, உள்ளங்காலுக்குத் தைலம் தேச்சா, கிளம்பும்போது எடுத்துக்கிட்டா. மறுநாளும் அதே. காய்ச்சல் ஏறுது... மெஷின் இறக்குது... மறுபடி ஏறுது. ஏன்னு டாக்டருக்குப் புரியலை. ஒருநாள் நர்ஸ் போர்வையைத் தூக்கிப் பாத்துட்டாங்க.

ஜோவின் பிழைச்சான். பிழைச்சு... அம்மாவை அடையாளம் தெரியலை. இன்னைக்கும் தெரியலை.

லீமா ஒண்ணே ஒண்ணு கேட்டா. "நான் வச்ச சூட்டாலயா டாக்டர்?"

டாக்டரம்மா அவளைப் பக்கத்துல உக்கார வச்சாங்க. அப்புறம் சொன்னாங்க, "தண்ணிக்குள்ள போனதுலயே ஆகியிருக்கலாம்மா. எனக்கு உறுதியாத் தெரியாது. யாராலயும் சொல்ல முடியாது."

ஆமான்னு சொல்லியிருந்தா அழுது தீர்த்திருப்பா. இல்லைன்னாலும் அழுது தீர்த்திருப்பா. இதை எப்படி அழுது தீக்க?

இப்போ சொல்லுங்க, தப்பு யாருது? லீமாவோடதுன்னு உங்க வாய் வரைக்கும் வந்திருக்கும். எனக்கு அவமேல கோபமே இல்லை. வராந்தால நின்ன நம்மமேலதான் கோபம். நோயாளியைப் பாக்கப் போங்க, வேண்டாங்கலை. சோறு கொண்டு போங்க. பெத்தவ கையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உக்காருங்க. வைத்தியம் மட்டும் சொல்லாதீங்க. நீங்க சொல்லிட்டு வீட்டுக்குப் போயிருவீங்க... அவ அதைச் செஞ்சுட்டு, தன்னை யாருன்னே தெரியாத பிள்ளைக்குச் சாகுற வரைக்கும் சோறூட்டிக்கிட்டு இருப்பா.